நாட்டுப்புறத்தில் உயர் குருதியமுக்கம்

நோய்கள் இருதிறப்படும். காய்ச்சலாலும் வலியாலும் தம் வரவை அறிவிப்பன ஒருதிறம். அறிகுறி யாதுங் காட்டாது நெடுங்காலம் உடலினுள் உறைவன மற்றொருதிறம். உயர் குருதியமுக்கம் பெரும்பாலும் பின்னைய திறத்தது. நாள் முழுதும் வயலில் உழைப்பவன் தன்னை நோயாளனென்று கருதுவதில்லை. பாரிசவாதமோ மாரடைப்போ சிறுநீரகக் கேடோ தோன்றிய பின்னரே வீட்டார் உண்மையை உணர்கின்றனர். உலகில் 30 முதல் 79 வயது வரையுள்ளோருள் ஏறக்குறைய 128 கோடிப் பேர் இந்நோயுடையோரென்றும், அவருள் நூற்றுக்கு 46 பேர் அதனை அறியாதிருக்கின்றனரென்றும் உலக சுகாதார நிறுவனம் 2021 இல் மதிப்பிட்டது.

இதயம் சுருங்குங்காற் குருதிக்குழாய்ச் சுவரிற் படும் அமுக்கம் மேலெண்ணாகவும், அது விரியுங்காற் படுவது கீழெண்ணாகவும் குறிக்கப்படும். வெவ்வேறு நாட்களில் அளந்தபோதும் மேலெண் 140 மில்லிமீற்றர் இரசத்திற்கோ கீழெண் 90 இற்கோ குறையாதிருப்பின் நோயுண்டென்பது பொதுவாகக் கொள்ளப்படும் அளவாகும். அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக அமர்ந்திருத்தலும், கையை இதயமட்டத்தில் வைத்தலும் வேண்டும். ஓடிவந்து இளைப்பாறாது அளப்பித்த எண் மெய்யெண்ணாகாது.

நாட்டுப்புறத்தில் இந்நோய் அடங்காமைக்குக் காரணங்கள் சில உள. இலங்கை அரசாங்க வைத்தியசாலையில் மருந்து விலையின்றிக் கிடைப்பினும், அங்குச் செல்லும் நாளிற் கூலியாளன் தன் கூலியை இழக்கின்றான். அமுக்கம் தணிந்ததும் நோய் நீங்கிற்றென எண்ணிக் குளிசையை நிறுத்துவோரும் உளர். தணித்து வைத்திருப்பது அம்மருந்தேயென்பதும், நிறுத்தின் அமுக்கம் மீண்டும் உயருமென்பதும் அவர்க்கு எடுத்துரைக்கப்படுவதில்லை. கருவாட்டிலும் ஊறுகாயிலும் மறைந்துள்ள உப்பையும் எவருங் கணக்கிடுவதில்லை. ஒருவர்க்கு நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைந்த உப்பே தகும். அஃது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டியளவே.

இவ்விடர்ப்பாடுகளை நீக்கும் வழியொன்று இலங்கை, பாகிஸ்தான், வங்காளதேசம் என்னும் மூன்று நாடுகளின் 30 கிராமப் பகுதிகளில் ஆராயப்பட்டது. நோயுடையோர் 2,645 பேர் அதிற் பங்குபற்றினர். பாதிப் பகுதிகளில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர் மூன்று மாதத்திற்கொருமுறை வீடுதேடிச் சென்று அமுக்கத்தை அளந்தனர். உணவு, மருந்து பற்றிக் குடும்பத்தார்க்கும் அறிவுரை கூறினர். அமுக்கம் அடங்காதோரைப் பயிற்சி பெற்ற வைத்தியரிடம் அனுப்பினர். ஏனைய பகுதிகளில் வழக்கமான சிகிச்சையே நடந்தது. 2020 இல் வெளியான முடிவின்படி, இரண்டாண்டில் மேலெண் முன்னையோர்க்குச் சராசரி 9 மில்லிமீற்றரும், பின்னையோர்க்கு ஏறக்குறைய 4 மில்லிமீற்றரும் குறைந்தது. ஐந்து மில்லிமீற்றர் வேறுபாடு சிறிதெனத் தோன்றலாம். ஓர் ஊர் முழுவதற்கும் அஃது எய்துமாயின் பாரிசவாதமும் மாரடைப்பும் பலர்க்கு நேராது தடுக்கப்படும்.

புதிய மருந்தோ பெரிய வைத்தியசாலையோ இப்பயனைத் தரவில்லை. அளவுகருவியுடன் படலை திறந்து வந்த ஊழியரும், மருந்தைத் தவறாது உட்கொள்ளத் துணைநின்ற வீட்டாருமே தந்தனர். அறிகுறி காட்டாத நோயை, அது காட்டுமுன் தேடிச் சென்று காண்பதே தக்க வைத்தியமாகும்.