சிறு பழக்கமும் பெருங் காரியமும்

எடுத்த காரியம் இனிது முடியவேண்டும் என்று விரும்பாதவர் எவருமிலர். ஆயினும், விரும்பியவர் அனைவரும் அதனை முடித்துவிடுவதில்லை. புதிய ஆண்டு பிறந்ததும் மாணவன் ஒருவன் நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டுகிறான். தைப்பொங்கல் கழிவதற்குள் நேரசூசி சுவரில் இருக்கிறது; மாணவன் விளையாட்டு மைதானத்தில் இருக்கிறான். அவனிடம் ஆசைக்குக் குறைவில்லை. அந்த ஆசையைத் தாங்கி நிற்கும் பழக்கமே இல்லை.

பழக்கம் எத்துணைப் பெரிய காரியத்தைச் சாதிக்கும் என்பதற்கு உ. வே. சாமிநாதையரின் வாழ்வு தக்க சான்றாகும். 1880ஆம் ஆண்டில் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியாரைச் சந்தித்தார். அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் எனத் தாம் கற்றவற்றையெல்லாம் ஐயர் அடுக்கிச் சொல்ல, முதலியார் சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று வினவினார். ஐயர் படித்திருக்கவில்லை. அந்த ஒரு வினா அவர் வாழ்வின் திசையை மாற்றியது.

சிந்தாமணி அப்பொழுது எளிதிற் கிடைக்கும் நூலன்று. ஏட்டுப் பிரதிகளிற் பிழைகள் மலிந்திருந்தன. நச்சினார்க்கினியர் தம் உரையிற் பல மேற்கோள்களை, அவை எந்நூலைச் சார்ந்தவை என்று கூறாமலே எடுத்தாண்டிருந்தார். கல்லூரிப் பணியையும் விடாது, ஐயர் இவ்வேலையில் இறங்கினார். பிரதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடபேதங்களைக் குறித்தார். அருஞ்சொற்களுக்கு அகராதி தொகுத்தார். மேற்கோள் வந்த இடங்களைத் தேடிப் பதிவு செய்தார். சமண சமயக் கருத்து விளங்காதபோது, கும்பகோணத்திலிருந்த சைனர்களிடமே சென்று கேட்டறிந்தார். ஏழு ஆண்டுகள் சென்றன. 1887இல் சிந்தாமணி அச்சில் வெளிவந்தது.

இங்கே கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. குறிப்பெழுதும் பழக்கம் சிந்தாமணியோடு முடிந்துவிடவில்லை. மேற்கோள்களைத் தேடிச் சென்றபோதே வேறு பழைய நூல்களும் அவருக்கு அறிமுகமாயின. 1889இல் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1894இல் புறநானூறும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. ஒரு குறிக்கோளுக்காகக் கைக்கொண்ட பழக்கம் அடுத்த குறிக்கோளுக்கும் வழிகாட்டியது.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளையும் இத்தகையவரே. உத்தியோகத்தில் இருந்துகொண்டே 1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையர் உரையுடன் பதிப்பித்தார். ஓய்வு கிடைக்கட்டும் என்று இவர்கள் காத்திருந்தால், செல்லரித்த ஏடுகள் இவர்களுக்காகக் காத்திருக்கமாட்டா.

இவற்றிலிருந்து சாதாரண மனிதர் கொள்ளத்தக்கவை சிலவுண்டு. முதலாவது, தொடங்கும் அளவு சிறிதாயிருத்தல் வேண்டும். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் படிப்பேன் என்பவன் நான்காம் நாளே களைத்துவிடுவான். அரைமணி நேரம் படிப்பவன் ஆண்டு முழுவதும் படிப்பான். இரண்டாவது, புதிய பழக்கத்தை ஏற்கெனவே தவறாது நிகழும் ஒன்றோடு பிணைத்தல் நன்று. காலையில் தேநீர் அருந்தியவுடன் புத்தகத்தைத் திறப்பவனுக்குத் தேநீரே நினைவூட்டும் மணியாகிவிடும். மூன்றாவது, செய்ததை எழுதிவைத்தல் வேண்டும். மனம் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும், குறிப்பேடு ஏமாற்றாது. நான்காவது, அறியாததை அறிந்தவரிடம் கேட்க நாணுதல் கூடாது.

இவற்றினும் முக்கியமானது மற்றொன்று. நோயாலோ வீட்டுத் துன்பத்தாலோ ஒருநாள் தவறிவிடலாம். ஒருநாள் தவறியது குற்றமன்று. அதனையே சாட்டாக வைத்து முழுவதையும் கைவிடுவதே கேடு. மறுநாள் மீண்டும் தொடங்குபவனுக்கு இழப்பு ஒருநாளே.

சுவரில் ஒட்டிய நேரசூசியைக் கிழித்தெறிய வேண்டியதில்லை. அதில் எழுதிய பத்து வரிகளில் ஒன்றை மாத்திரம் தெரிந்து, இன்று மாலையே செய்யத் தொடங்கினால் போதும். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பது பழமொழி. கல்லைத் தேய்த்தது எறும்பின் வலிமையன்று. அது நாள்தோறும் தவறாது சென்ற வழியே.