பிள்ளைகளின் மனத்திற்கு யார் பொறுப்பு?

சுப்ரீம் கோர்ட்டார் 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 25-ந் தேதி அளித்த தீர்ப்பொன்று, பாடசாலை நடத்துகிறவர்களும் பிள்ளைகளைப் பெற்றவர்களும் ஒருமுறைக்கு இருமுறை படித்துப் பார்க்கத் தக்கது. விசாகப்பட்டினத்தில் வைத்தியக் கல்லூரிப் பிரவேசப் பரீட்சைக்காகப் படித்துக்கொண்டிருந்த பதினேழு வயதுப் பெண்ணொருத்தி 2023-ம் வருஷத்தில் மாண்டாள். அந்த மரணத்தின் உண்மை துலங்க வேண்டுமென்று அவள் தகப்பனார் தொடுத்த வழக்கு அது. விசாரணையை மத்தியப் புலனாய்வு இலாகாவிடம் ஒப்படைத்ததோடு நீதிபதிகள் நின்றுவிடவில்லை. பாடசாலைகள், கல்லூரிகள், பயிற்சிக் கூடங்கள், விடுதிகள் ஆகிய யாவும் பிள்ளைகளின் மனநலத்திற்காகச் செய்ய வேண்டியவை இன்னின்ன என்று பதினைந்து கட்டளைகள் விதித்தார்கள். தக்கதொரு சட்டம் இயற்றப்படும் வரையில் இக்கட்டளைகளே சட்டமாகும்.

அத்தீர்ப்பில் காணும் கணக்கு இது: 2022-ம் வருஷத்தில் நம் தேசத்தில் தற்கொலை செய்துகொண்டோர் 1,70,924 பேர். அவர்களில் மாணாக்கர் 13,044. பரீட்சையில் தவறியதே நேரான காரணமென்று எழுதப்பட்ட மரணங்கள் 2,248. நாளொன்றுக்கு முப்பத்தைந்து மாணாக்கருக்கு மேல் ஆகிறது. ஒரு ரயில் கவிழ்ந்து முப்பத்தைந்து பேர் இறந்தால் முதற்பக்கத்தில் கொட்டை எழுத்துக்களில் போடுகிறோம். வருஷத்தின் ஒவ்வொரு நாளும் நடக்கும் இதற்கு நாமும் அவ்விதம் இடம் கொடுத்ததில்லை என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆயினும் மரணக் கணக்கை மாத்திரம் வைத்துக்கொண்டு பேசுவதில் ஓர் அபாயமுண்டு. உயிரோடிருந்து தினந்தோறும் புத்தகப் பையைத் தூக்கிக்கொண்டு வரும் பிள்ளையின் துயரம் அப்போது கண்ணில் படுவதில்லை. பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனத்தார் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, பதின்மூன்று முதல் பதினேழு வயது வரையுள்ளவர்களில் நூற்றுக்கு 7.3 பேருக்கு ஏதோ ஒருவகை மனநோய் இருப்பதாகக் கண்டது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஏறக்குறைய மூவர் என்று கொள்ளலாம். இம்மூவரும் வைத்தியரிடம் போய், "எனக்கு மனம் சரியில்லை" என்று சொல்லுகிறவர்களல்லர். ஒருவன் திங்கட்கிழமைதோறும் வயிற்றுவலி என்கிறான். ஒருத்தி நன்றாகப் படித்துவந்தவள், திடீரென்று கடைசிப் பெஞ்சுக்குப் போய்விடுகிறாள். மற்றொருவன் காரணமின்றி அடுத்தவனை அடிக்கிறான். அவனை "ரௌடி" என்று பெயரிட்டு வெளியே நிறுத்துகிறோம். நோயென்று சொல்லும் அளவுக்குப் போகாத துக்கமும் அச்சமும் அவமானமும் எத்தனை பிள்ளைகளை வருத்துகின்றனவோ!

நாம் படித்த பாடசாலையில் ஒரு வழக்கமிருந்தது. பரீட்சை விடைத்தாள்களை உபாத்தியாயர் மார்க்கு வரிசையில் அடுக்கி, அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கொடுப்பார். முதலில் அழைக்கப்படுகிறவன் எழுந்து நடக்கையில் வகுப்பு முழுவதும் சிரிக்கும். கணக்குப் பரீட்சையில் மூன்று முறை தொடர்ந்து முதலில் அழைக்கப்பட்ட சிநேகிதன் ஒருவன் அரைப் பரீட்சை லீவுக்குப் பிறகு வரவேயில்லை. அவன் என்ன ஆனான் என்று உபாத்தியாயர் கேட்கவில்லை, நாமும் கேட்கவில்லை. அவனைப் பார்த்துச் சிரித்தவர்களில் நாமும் ஒருவர். இவ்வளவு வருஷம் கழித்து இதை எழுதும்போதும் கை சற்றுக் கூசுகிறது.

"அந்தக் காலத்தில் நாங்கள் அடியும் திட்டும் வாங்கிப் படித்து முன்னுக்கு வரவில்லையா? இப்போது எதற்கெடுத்தாலும் மனநலம் என்கிறீர்களே" என்று சொல்லும் பெரியவர்கள் பலர். அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் உடனே வந்துவிடும். மாட்டுக்குச் சொன்னதை மாட்டோடு விட்டுவிடலாம். கோர்ட்டில் பழகிய நமக்கு இந்த வாதத்தில் ஒரு குறை நன்றாகத் தெரிகிறது. முன்னுக்கு வந்தவன் மாத்திரமே கூண்டில் ஏறிச் சாட்சி சொல்லுகிறான். அடியையும் ஏளனத்தையும் தாளாமல் படிப்பை விட்டு மில்லுக்கும் ஓட்டலுக்கும் போனவர்களை யார் சாட்சிக்கு அழைத்தார்கள்? ஒரு தரப்புச் சாட்சியத்தின் மேல் தீர்ப்புச் சொல்வது நியாயமாகாது.

சட்டம் இல்லை என்று சொல்வதற்கில்லை. தமிழ்நாட்டில் பாடசாலைகளில் அடிப்பது 2003-ம் வருஷத்திலேயே விதியால் தடுக்கப்பட்டது. 2009-ம் வருஷத்துக் கட்டாய இலவசக் கல்விச் சட்டத்தின் 17-வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையோடு மனத்தைத் துன்புறுத்துவதையும் சேர்த்தே விலக்கியது. மீறும் உபாத்தியாயர் மீது இலாகா நடவடிக்கை எடுக்கலாம். ஆனால் அச்சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. பொதுப் பரீட்சை என்னும் பூதம் வாசலில் வந்து நிற்கும் வயதோ பதினைந்தும் பதினேழும். பாதுகாப்பு அதிகம் வேண்டிய வயதில் அப்பிரிவின் நிழல் விலகிப்போகிறது. 2025-ம் வருஷத் தீர்ப்பின் பெருமை, இந்த இடைவெளியை ஒருவாறு அடைத்ததில்தான் இருக்கிறது. மார்க்கைக் கொண்டு பிள்ளைகளைத் தனித்தனி வகுப்பாகப் பிரித்தல், எல்லோர் முன்னிலையிலும் அவமதித்தல், தகுதிக்கு மீறிய இலக்குகளைச் சுமத்துதல் ஆகியவற்றைப் எல்லா ஸ்தாபனங்களும், விசேஷமாகப் பயிற்சிக் கூடங்கள், கூடியவரை விடவேண்டும் என்கிறது தீர்ப்பு. உபாத்தியாயர்களுக்கும் சிப்பந்திகளுக்கும் வருஷத்தில் இருமுறையாவது பயிற்சி அளிக்கவேண்டும் என்றும் விதிக்கிறது.

நம் சர்க்காரும் சில நல்ல காரியங்கள் செய்ததை மறைப்பதற்கில்லை. பொதுப் பரீட்சையில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கம் 2017-ல் நிறுத்தப்பட்டது. பதினோராம் வகுப்புக்கு 2018-ல் கொண்டுவந்த பொதுப் பரீட்சையை 2025-26 முதல் எடுத்துவிட்டார்கள். தவறியவர்கள் அதே வருஷத்தில் துணைப் பரீட்சை எழுதிப் படிப்பைத் தொடரவும் வழியிருக்கிறது. சர்க்கார் விட்டதைத் தனியார் பாடசாலைகள் விட்டபாடில்லை. முடிவு வெளியான மறுநாள், முதன்மையாக வந்த பிள்ளைகளின் படங்களைத் தாங்கிய தட்டிகள் சாலைதோறும் முளைக்கின்றன. அதன் கீழே நடந்துபோகும் மற்றப் பிள்ளையின் முகத்தை யாராவது பார்த்ததுண்டா? அந்த விளம்பரங்கள் பத்திரிகைகளிலும் வருகின்றன. இதில் நம் தொழிலின் பங்கையும் சேர்த்தே சொல்லுகிறோம்.

இனி ஆலோசகர் விஷயம். நூறு மாணாக்கரோ அதற்கு மேலோ உள்ள ஒவ்வொரு ஸ்தாபனமும், பிள்ளைகளின் மனநலத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர், மனநூல் வல்லுநர், சமூக ஊழியர் இவர்களில் ஒருவரையாவது நியமிக்கவேண்டும் என்பது கட்டளை. நூற்றுக்குக் குறைந்தவை வெளியிலுள்ள நிபுணர்களோடு முறையான ஏற்பாடு செய்துகொண்டால் போதும். பட்டணத்துப் பெரிய பாடசாலைக்கு இது தொல்லையில்லை. ஆனால் நம் கிராமத்துத் தொடக்கப் பாடசாலைகளில் மிகப் பல நூறு பிள்ளைகள் இல்லாதவை. அங்கே "வெளியிலுள்ள நிபுணர்" யார்? ஜில்லா ஆஸ்பத்திரியிலுள்ள மனநோய் வைத்தியர். அவரிடம் போய்ச் சேர இரண்டு பஸ் மாற வேண்டும். தகப்பனுக்கு ஒருநாள் கூலி போகும். ஊரார் "பைத்தியத்துக்குக் காட்டப் போகிறான்" என்று பேசும் பேச்சையும் கேட்கவேண்டும். நடமாடும் ஆலோசனை ஊர்திகள் சிலவற்றைச் சர்க்கார் முன்னமே விட்டார்கள். பல்லாயிரம் பாடசாலைகளுக்கு விரல்விட்டு எண்ணத்தக்க ஊர்திகள் என்றால், ஒரு பிள்ளையின் துக்கம் ஊர்தி வரும் தேதி வரையில் காத்திருக்கவேண்டும் போலும்.

பாடசாலைகளில் "மாணவர் மனசு" என்ற பெட்டி வைத்திருக்கிறார்கள். வாயால் சொல்லக் கூசும் குறையைப் பிள்ளை எழுதிப் போடலாம். கருத்து உயர்ந்தது. பெட்டியைத் திறந்து படிக்கிறவரே கடிதத்தில் குற்றம் சாட்டப்பட்டவராகவோ அவருடைய நண்பராகவோ இருந்துவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் நம் கேள்வி. கையெழுத்தைப் பார்த்தே இன்னார் என்று கண்டுபிடித்துவிடக்கூடிய சிறிய பாடசாலையில் எந்தப் பிள்ளை துணிந்து எழுதும்? பாடசாலையைச் சேராத ஒருவர் அக்கடிதங்களைப் படிக்கும் ஏற்பாடு அவசியம்.

மார்க்கு ஒன்றே பிள்ளைகளை வாட்டுவதாக யாரும் எண்ணவேண்டாம். 2023-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாங்குநேரியில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த மாணவன் ஒருவனையும் அவன் தங்கையையும் உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து வெட்டினார்கள். அதன் பின்னர் அமைக்கப்பட்ட, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூன் மாதத்தில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வர்ணக் கயிறுகளை விலக்குதல், அகரவரிசைப்படி பிள்ளைகளை உட்கார வைத்தல், ஐந்நூறு மாணாக்கருக்கு மேற்பட்ட உயர்தரப் பாடசாலைகளில் நல அதிகாரி ஒருவரை நியமித்தல் முதலியவற்றை அது சிபாரிசு செய்தது. மணிக்கட்டில் கயிற்றின் வர்ணத்தைப் பார்த்துப் பக்கத்தில் உட்காரலாமா என்று யோசிக்கும் வகுப்பில், எவ்வளவு கெட்டிக்கார ஆலோசகரை வைத்தாலும் அவர் செய்யக்கூடியது சொற்பமே.

உபாத்தியாயர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது நம் நோக்கமன்று. பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் காணக்கூடியவர் அவர்தான். ஆனால் அவர் பொழுதைக் கைத்தொலைபேசியில் புள்ளிவிவரம் ஏற்றுவதற்கும், தேர்தல் வேலைக்கும், ஜனக்கணக்குக்கும் பிடுங்கிக்கொண்டோம். இரண்டு வகுப்பை ஒருவரே பார்க்கும் பாடசாலைகளும் உண்டு. அந்த உபாத்தியாயர் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து, "என்னடா, வீட்டில் ஏதாவது கஷ்டமா?" என்று கேட்கப் பத்து நிமிஷம் எங்கிருந்து வரும்? அந்தப் பத்து நிமிஷத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்காமல் வருஷத்துக்கு இரண்டு பயிற்சி கொடுத்தால், கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்.

நமது நேயர்களில் பொதுவேலையில் ஈடுபட்டவர்கள் அநேகர். அவர்களுக்கு ஒன்று ஞாபகப்படுத்த விரும்புகிறோம். கல்விச் சட்டத்தின் 21-வது பிரிவின்படி அமைந்த பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பிள்ளைகளின் பெற்றோரும் பாதுகாவலரும். பாதிப்பேர் ஸ்திரீகள். இக்குழு பெயரளவில் இருக்கும் ஊர்களே மிகுதி. அடுத்த கூட்டத்துக்குத் தவறாமல் போங்கள். சுப்ரீம் கோர்ட்டுக் கட்டளைப்படி நம் பாடசாலைக்கு ஆலோசகர் நியமனமாகிவிட்டாரா, நூறு பேருக்குக் குறைந்த பாடசாலையானால் எந்த நிபுணரோடு ஏற்பாடு, கடிதப் பெட்டியை யார் திறக்கிறார், விடைத்தாள்களை எப்படிக் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். இருபத்துநாலு மணி நேரமும் மனநல உதவி கிடைக்கும் 14416 என்ற எண்ணை ஒவ்வொரு வகுப்புச் சுவரிலும் பிள்ளைகளின் கண்ணில் படும்படி எழுதச் செய்யுங்கள். அதற்குச் சுண்ணாம்பும் தூரிகையும் போதும்.

கிடைக்கும் பதில்களை ஊர்ப்பெயரோடு நமக்கு எழுதியனுப்பினால், பிள்ளைகளின் பெயரை நீக்கிவிட்டு, இதே பக்கத்தில் வரிசையாகப் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம்.