இலஞ்சத்தை ஆங்கிலத்தில் எழுதும்போது

நிவாரணம், காணி, நட்டஈடு என்று அலுவலகப் படிகள் பலவற்றை ஏறி இறங்கியவர்கள் நாம். அங்கே கண்ட முறைகேட்டைச் சில வேளைகளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டி வருகிறது. ஆங்கிலம் படிக்கும் பிள்ளையிடம் கடதாசியைக் கொடுக்கின்றோம். பிள்ளையோ தமிழைச் சொல்லுக்குச் சொல் மாற்றி எழுதுகிறது. வசனம் பிழைத்தால் முறைப்பாடே திசைமாறிவிடும். ஆகவே சில வசனங்களைப் பழகிக்கொள்வோம்.

முதலில் வினைச்சொல். தமிழில் இலஞ்சம் "வாங்குகிறார்கள்". அதற்கு "பை" என்று எழுதினால் கடையில் விலைக்கு வாங்கியதாகிவிடும். ஆங்கிலத்தில் இலஞ்சத்தை "எடுப்பதே" வழக்கம்: "ஹீ டுக் எ பிரைப்." கேட்க மாத்திரம் செய்திருந்தால், "ஹீ ஆஸ்க்ட் ஃபோர் எ பிரைப்." கொடுத்திருந்தால், "வீ பெய்ட் எ பிரைப்."

இங்கே ஒரு பெரிய பொறி உண்டு. "பிரைப்" என்பது வினையாகவும் வரும். அப்போது அது கொடுப்பதையே குறிக்கும், எடுப்பதை அல்ல. "த ஒஃபிசர் பிரைப்ட் அஸ்" என்று எழுதினால், அதிகாரி எமக்குக் காசு தந்தார் என்பதே பொருள்! குற்றம் எம்மீது திரும்பிவிடும்.

அடுத்தது ஊழல். "ஹீ டிட் கொரப்ஷன்" என்று ஆங்கிலேயர் சொல்வதில்லை. "ஹீ இஸ் கொரப்ட்", "எ கொரப்ட் பொலிட்டிஷன்" என்பதே இயல்பு. பல ஊழல்கள் நடந்தாலும் பொதுவாகப் பேசும்போது "கொரப்ஷன்" ஒருமையாகவே நிற்கும். பொதுப் பணத்தைக் களவெடுத்தவரைப் பற்றி "ஹீ ஸ்டோல் பப்ளிக் மணி" என்று நேராகவே எழுதலாம்.

மூன்றாவதே மிக முக்கியம். நிரூபிக்கப்படாததை நடந்ததாக எழுதக் கூடாது. "ஹீ இஸ் அக்கியூஸ்ட் ஒஃப் டேக்கிங் எ பிரைப்" என்றால், அவர் இலஞ்சம் எடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்படுகிறார் என்பது பொருள். "அக்கியூஸ்ட்" என்பதன் பின் "ஃபோர்" வராது, "ஒஃப்" தான் வரும். நீதிமன்றம் குற்றவாளியெனத் தீர்த்த பின்னரே "கொன்விக்டட்" என்ற சொல்லுக்கு இடமுண்டு.

இந்த வேறுபாடுகள் சட்டத்திலும் உண்டு. இலங்கையில் 1954ஆம் ஆண்டு இலஞ்சச் சட்டத்தின் இடத்தில் இப்போது 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம் இருக்கிறது. இலஞ்சம் எடுப்பதும் குற்றம், கொடுப்பதும் குற்றம். எடுக்காமல் கேட்டாலே குற்றம். இலஞ்சம் என்பது காசு மாத்திரமன்று; பரிசு, வேலை, சலுகை எல்லாம் அடங்கும். பொய்யெனத் தெரிந்துகொண்டே ஒருவர்மேல் குற்றஞ்சாட்டுவதும் தண்டனைக்குரியது.

ஆங்கிலம் தெரியாததால் நாம் வாய்மூடி இருக்கத் தேவையில்லை. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. தமிழிலேயே முறையிடலாம். எந்த மொழியானாலும், என்ன திகதி, எந்த இடம், யார் கேட்டார், எவ்வளவு கேட்டார், யார் பார்த்தார் என்ற ஐந்தையும் எழுதுவோம். கண்டதைக் கண்டதாகவும் கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகவும் எழுதுவோம். இன்றிரவு பிள்ளைகளுடன் இருந்து, மேலேயுள்ள வசனங்களை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.