மின்சாரம் அடுக்கும் மணிகள்

எண்ணெய் வைக்காத தலையைச் சீவிட்டு, அந்தச் சீப்பைப் பேப்பர் துணுக்குகள் பக்கத்தில் கொண்டு போங்க. துள்ளி வந்து ஒட்டிக்கும். சீப்பைத் தேய்த்தோம், சரி. பேப்பரை யாரும் தேய்க்கவே இல்லையே! அது ஏன் வருது?

சீப்பில் உள்ள மின்னூட்டம், பேப்பருக்குள் இருக்கும் மின்னூட்டங்களைக் கொஞ்சம் நகர்த்திவிடுகிறது. சீப்பின் பக்கம் எதிர் மின்னூட்டம் வந்து நிற்பதால் இழுக்கப்படுகிறது.

இதை வைத்தே விஞ்ஞானிகள் கண்ணுக்குத் தெரியாத மணிகளை அடுக்குகிறார்கள். ஒரு மணி ஏறக்குறைய ஒரு மைக்ரான். அதாவது ஒரு மில்லிமீட்டருக்குள் ஆயிரம் மணி வரிசையாக நிற்கும்! கையால் எடுத்து வைக்கவா முடியும்? திரவத்தில் போட்டால் அது சும்மாவும் இருக்காது. திரவ மூலக்கூறுகள் இடித்துக்கொண்டே இருப்பதால் எப்பவும் ஆடும்.

இரண்டு பக்கமும் தகடு வைத்து மின்புலம் கொடுத்ததும் ஒவ்வொரு மணிக்கும் ஒரு முனை பிளஸ், மறுமுனை மைனஸ். அப்புறம் காந்தம் மாதிரிதான். ஒன்றின் தலையில் அடுத்ததன் வால் ஒட்டி, ரயில் பெட்டி போலச் சங்கிலி ஆகிவிடும். அமெரிக்காவின் வில்லிஸ் வின்ஸ்லோ 1949-ல் இதைப் பற்றி எழுதினார். துகள் கலந்த எண்ணெயில் மின்புலம் கொடுத்தால் எண்ணெய் கெட்டியாகும், நிறுத்தினால் பழையபடி ஓடும்.

இரண்டு சங்கிலி பக்கத்தில் வந்தால்? பிளஸ்ஸும் பிளஸ்ஸும் நேராக நின்றால் தள்ளிக்கொள்ளும். ஒரு சங்கிலி அரை மணி அளவு ஏறி நின்றால் ஒட்டிக்கொள்ளும், கொத்தனார் செங்கல்லை மாற்றி மாற்றி வைக்கிற மாதிரி. இப்படி நிறைய சங்கிலி சேர்ந்தால் அதுதான் படிகம். (பேட்டரி மாதிரி ஒரே திசையில் மின்சாரம் கொடுத்தால், மின்னூட்டம் உள்ள மணிகள் ஒரு தகட்டுப் பக்கமே ஓடிவிடும். அதனால் திசை மாறி மாறி வரும் ஏ.சி. கொடுக்கிறார்கள்.) 2003-ல் ஆனந்த் எத்திராஜ், ஆல்ஃபன்ஸ் வான் பிளாடரன் இருவரும் மின்புலத்தைக் கூட்டிக் குறைத்து, படிகத்தின் அமைப்பையே மாற்றிக் காட்டினார்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்!

ஒரு கஷ்டம் இருக்கு. கரண்ட் போனால் படிகமும் போச்சு, மணிகள் மறுபடி கலைந்துவிடும். கலையாமல் நின்றுவிட்டால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஓபல் என்ற ரத்தினக் கல் இருக்கிறது. அதில் மின்சார வேலை கிடையாது, மணிகள் பூமிக்குள் தானாகப் படிந்தவை. 1964-ல் ஆஸ்திரேலியாவில் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது, உள்ளே குட்டிக் குட்டி சிலிக்கா உருண்டைகள் வரிசை வரிசையாக இருந்தன. வெளிச்சம் அந்த வரிசைகளில் பட்டுத் திரும்புவதால்தான் கல்லில் சிவப்பு, பச்சை, நீலம் எல்லாம் மின்னுகிறது. உருண்டையின் அளவு மாறினால் நிறமும் மாறும். சாயம் துளிகூட இல்லை.