மூன்றில் தொடங்கும் கோப்பு

1990களில் தமிழ்நாட்டுச் சிறு நகரங்களில் கம்ப்யூட்டர் கற்கப் போனவர்கள் மூன்று பெயர்களை ஒரே மூச்சில் சொல்வார்கள்: வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ். முதலாவது கடிதத்துக்கு, இரண்டாவது கணக்குக்கு. மூன்றாவதில்தான் ஊரின் பட்டியல்கள் ஏறின. கூட்டுறவுச் சங்கத்தின் பங்குதாரர்கள், பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு, நூலகத்தின் நூல் இருப்பு, சிற்றிதழின் சந்தாதாரர் முகவரிகள் என்று எத்தனையோ. அவற்றில் பல இன்னும் அந்தந்தக் கணினியிலேயே, பழைய நாற்காலிகளுக்கும் ஓடாத மின்விசிறிகளுக்கும் நடுவே கிடக்கின்றன. காகிதப் பதிவேட்டைக் கரையான் தின்றுவிட்ட இடங்களில் அந்தக் கோப்புதான் மிஞ்சியிருக்கும் ஒரே பிரதி.

அதை இன்றைய கணினிக்குக் கொண்டுவர முடியும். வட்டு படிக்கும் நிலையில் இருந்தால் ஓர் எழுத்துகூட விடாமல் கொண்டுவந்துவிடலாம். தள்ளிப்போடத்தான் கூடாது. வட்டுகளுக்கு வயதாகிறது என்பது ஒரு காரணம். அந்தப் பட்டியலைத் தட்டச்சு செய்தவர்களுக்கும் வயதாகிறது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

டிபேஸின் பூர்வீகம் கலிஃபோர்னியா. நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், 1970களின் பிற்பகுதியில் தன் வீட்டுக் கணினியில் எழுதிய 'வல்கன்' என்ற மென்பொருள்தான் அதன் முதல் வடிவம். ஆஷ்டன்-டேட் நிறுவனம் அதை 'டிபேஸ் 2' என்று பெயரிட்டு விற்றது. டிபேஸ் 1 என்று ஒன்று இருந்ததே இல்லை. 1984இல் டிபேஸ் 3 வந்தது, அதன்பின் 3 பிளஸ். போட்டிக்கு வந்த ஃபாக்ஸ்புரோவும் கிளிப்பரும் இதே கோப்பு வடிவத்தை எடுத்துக்கொண்டன. அதனால் நமக்கு ஒரு பெரிய நன்மை. கிளிப்பரில் யாரோ எழுதிக்கொடுத்த கணக்கு மென்பொருளின் மூல நிரல் தொலைந்திருக்கலாம், எழுதியவர் இருக்கும் இடம் தெரியாமல் போயிருக்கலாம்; தரவு மட்டும் டிபிஎஃப் என்ற அந்த வடிவத்துக் கோப்பாக அப்படியே இருக்கும்.

சரி, பெட்டிக்கு வருவோம். முதலில் செய்ய வேண்டியது, சுவிட்சைப் போடாமல் இருப்பது. மூடியைத் திருகிக் கழற்றிப் பாருங்கள். மதர்போர்டில் சிறு பீப்பாய் வடிவத்தில் ஒரு நிக்கல்-காட்மியம் பேட்டரி இருந்தால், அது பெரும்பாலும் கசிந்திருக்கும். அதைச் சுற்றிப் பச்சையாகப் பூத்திருப்பது, காரம் அரித்த செம்புத் தடங்கள். பவர் சப்ளையில் மின்சாரம் நுழையும் இடத்தில் உள்ள காகித மின்தேக்கிகளும் வெடிப்பு விட்டிருக்கலாம். பல வருடம் கழித்து மின்சாரம் பாயும்போது அவை புகைவது சாதாரணம். நமக்கு வேண்டியது தரவு என்றால், கணினியை உயிர்ப்பிக்க வேண்டிய கட்டாயமே இல்லை. வட்டை மட்டும் கழற்றினால் போதும்.

வட்டின் பின்புறம் 40 ஊசிகள் கொண்ட ஒரே இணைப்பி இருந்தால் அது ஐடிஇ வட்டு. அதை யுஎஸ்பியில் பொருத்தும் அடாப்டர் இன்றும் கடைகளில் கிடைக்கிறது. ஆனால் 1990களின் தொடக்கத்தில் வந்த சின்ன வட்டுகள் பல, உருளை, தலை, பிரிவு என்ற பழைய முகவரி முறையை மட்டுமே அறிந்தவை. அடாப்டர்களோ ஒவ்வொரு பிரிவுக்கும் வரிசை எண் சொல்லியே கேட்கும். இரண்டுக்கும் பேச்சு ஒத்துவராது. அப்போது ஐடிஇ இணைப்பி கொண்ட ஒரு பழைய மேசைக் கணினியைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

40 ஊசிகளுக்குப் பதில் அகலமான இரண்டு நாடாக் கேபிள்கள் போனால் அது இன்னும் மூத்த தலைமுறை. சீகேட் எஸ்டி-225 அந்த வகை. 615 உருளைகள், 4 தலைகள், ஒவ்வோர் உருளையிலும் தலைக்கு 17 பிரிவுகள், பிரிவுக்கு 512 பைட். பெருக்கினால் சுமார் 2 கோடியே 14 லட்சம் பைட், அதாவது 20 மெகாபைட். ஒரு சங்கத்தின் பல வருடக் கணக்கு அதற்குள் அடங்கியது. இந்த வட்டை எந்தக் கட்டுப்பாட்டு அட்டை எழுதியதோ அதே வகை அட்டைதான் நம்பிப் படிக்கும். எனவே இங்கே பழைய கணினியை எழுப்பித்தான் ஆக வேண்டும். எழுந்ததும் அது தன் வட்டையே அடையாளம் தெரியாது என்று சொல்லும்; பேட்டரி செத்தபோது வட்டின் அளவுகள் நினைவிலிருந்து போய்விட்டன. மேலே சொன்ன மூன்று எண்களும் அப்போதுதான் தேவைப்படும். வட்டின் மாதிரி எண் மேலட்டையில் அச்சாகியிருக்கும். பூட்டுவதற்கு முன்பே ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விழித்த கணினியிலிருந்து தரவை வெளியே எடுக்க, எனக்குப் பிடித்த வழி சீரியல் கேபிள். 2ஆம் ஊசியும் 3ஆம் ஊசியும் குறுக்காக இணைந்த கேபிள்; ஒன்று பேசினால் மற்றது கேட்கும். 9600 வேகத்தில் நொடிக்கு 960 பைட் போகும். 20 மெகாபைட்டுக்கு ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகட்டுமே. 1981இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பிறந்த கெர்மிட் என்ற மென்பொருள், ஒவ்வொரு பொட்டலத்தையும் கூட்டிச் சரிபார்த்து, பிசகினால் மறுபடி அனுப்பச் சொல்லும். ஃபிளாப்பி டிரைவும் வேலை செய்யாத கணினிக்கு அந்த மென்பொருளை எப்படி ஏற்றுவது என்று கேட்கலாம். 1993இல் வந்த டாஸ் 6இன் இன்டர்சர்வர் நிரலில் அதற்கு அழகான விடை இருக்கிறது: முழு இணைப்புள்ள சீரியல் கேபிள் வழியே அது தன்னையே அடுத்த கணினிக்குள் நகலெடுத்துக்கொள்ளும்.

ஃபிளாப்பிகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை மட்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அவற்றின்மேல் பூஞ்சை படரும். வட்டைச் சுழற்றிப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். அப்படியே டிரைவில் செருகினால் தலை அழுக்காகும், பூச்சு உரியும், அடுத்த வட்டும் கெடும். சுத்தம் செய்த பிறகே படிக்க வேண்டும். 3.5 அங்குல வட்டுக்கு யுஎஸ்பி டிரைவ் போதும். 5.25 அங்குலத்துக்கு அசல் டிரைவும், காந்த அலைவுகளை நேரடியாகப் பதிவு செய்யும் கிரீஸ்வீசல் போன்ற பலகையும் வேண்டும்.

எந்த வழியில் போனாலும் கோப்புகளை ஒவ்வொன்றாகப் பொறுக்காதீர்கள். முழு வட்டையும் ஒரே பிம்பமாக எடுங்கள். டிடிரெஸ்க்யூ என்ற கருவி முதலில் நல்ல பகுதிகளை எல்லாம் வாரிக்கொண்டு, கெட்ட பகுதிகளுக்குப் பிறகு திரும்பி வரும். சாகும் தறுவாயில் உள்ள வட்டுக்கு அந்த வரிசைதான் சரி. இன்றைய விண்டோஸில் வட்டைச் சும்மா செருகினாலே அது தன் பங்குக்கு ஏதாவது எழுதிவிடக்கூடும் என்பதால், லினக்ஸில் படிப்பதற்கு மட்டும் என்று திறப்பது பாதுகாப்பு. பிம்பம் கைக்கு வந்தபின் அதன் நகலில்தான் மற்ற வேலையெல்லாம்.

இனி டிபிஎஃப் கோப்பு. இதை ஒரு முறையாவது பைட் பைட்டாகத் திறந்து பார்க்க வேண்டும் என்பேன். ஒரு கோப்பின் தொடக்கம் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்வோம்: 3, 95, 3, 31, 12, 5, 0, 0. முதல் 3, 'நான் டிபேஸ் 3 வகைக் கோப்பு' என்கிறது. அடுத்த மூன்றும் கடைசியாகத் திருத்திய நாள்: 95ஆம் வருடம், 3ஆம் மாதம், 31ஆம் தேதி. நிதியாண்டு முடிவு, கணக்கை முடித்துவிட்டு யாரோ அன்று எழுந்து போயிருக்கிறார். அடுத்த நான்கு பைட், பதிவுகளின் எண்ணிக்கை. சிறிய இலக்கம் முன்னால் வரும். 12உடன் 5 பெருக்கல் 256ஐக் கூட்டினால் 1292 பேர்.

தலைப்பின் முதல் 32 பைட்டுக்குப் பிறகு ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட்டில் ஒரு விவரம். புலத்தின் பெயர் பத்து எழுத்துக்குள், அது எழுத்தா எண்ணா தேதியா என்ற வகை, எத்தனை இடம் என்ற அகலம். அதன்பின் பதிவுகள், கட்டம் போட்ட பேரேடு போல ஒரே அகலத்தில், ஒன்றன்பின் ஒன்றாக. எண்கள்கூட எண்ணாக அல்லாமல் இலக்க எழுத்துகளாகவே நிற்கின்றன. தேதி எட்டு இலக்கம். எந்த மென்பொருளும் இல்லாமல் கண்ணாலேயே வாசித்துவிடலாம். இந்த எளிமைதான் டிபேஸைக் காப்பாற்றியது. நிலப்படத் துறையின் ஷேப்ஃபைல் இன்றும் தன் அட்டவணையை டிபிஎஃப்பில்தான் வைக்கிறது. லிப்ரேஆபீஸ் அதை நேரடியாகத் திறக்கும்.

ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் ஒரே ஒரு பைட் தனியாக இருக்கும். அது வெற்றிடமாக இருந்தால் பதிவு நடப்பில் இருக்கிறது. நட்சத்திரக் குறியாக இருந்தால் நீக்கப்பட்டது. நீக்கப்பட்டது என்று குறி மட்டும்தான். 'பேக்' என்ற கட்டளை தரும்வரை விவரம் முழுவதும் கோப்பிலேயே இருக்கும். இறந்துபோன உறுப்பினர், இடம் மாறிய மாணவர், பணம் கட்டாமல் நின்றுபோன சந்தாதாரர் எல்லாரும் அங்கே இருக்கிறார்கள். வரலாறு எழுதுகிறவருக்கு அவர்கள் முக்கியம். மாற்றும்போது சில மென்பொருள்கள் அவர்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். நட்சத்திரத்தை ஒரு தனிப் புலமாகவே மாற்றி, எல்லாரையும் வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட குறிப்புகள் டிபிஎஃப்பில் இருக்காது. அங்கே ஒரு பத்து இலக்க எண் மட்டும் இருக்கும். குறிப்பு அதே பெயர் கொண்ட டிபிடி கோப்பில், 512 பைட் கட்டங்களில் கிடக்கும். டிபிஎஃப்பை மட்டும் நகலெடுத்துவிட்டுப் பெட்டியை எடைக்குப் போட்டவர்கள் குறிப்புகளை இழந்தது இப்படித்தான். என்டிஎக்ஸ் போன்ற சுட்டிக் கோப்புகள் போனால் கவலையில்லை, அவற்றை மறுபடி உண்டாக்கிக்கொள்ளலாம்.

தமிழில் தட்டச்சு செய்த பட்டியல் என்றால் உண்மையான வேலை இனிமேல்தான். டாஸ் காலத்தில் சி-டாக்கின் ஜிஸ்ட் அட்டை பொருத்திய கணினிகளில் இஸ்கி குறியீட்டில் தமிழ் சேமிக்கப்பட்டது. 1991இல் இந்திய அரசின் தரமாகவே அது வெளியானது. இஸ்கியில் தமிழ் க, தெலுங்கு க, தேவநாகரி க மூன்றுக்கும் ஒரே எண். கோப்பு எந்த மொழி என்று சொல்லாவிட்டால் முருகேசன் இந்தியில் வந்து நிற்பார். மொழியைச் சொல்லிவிட்டால் மாற்றம் எளிது, ஏனென்றால் யுனிகோடும் அதே வரிசையைத்தான் பின்பற்றியது.

விண்டோஸ் வந்தபின் எழுத்துருக் காலம். பாமினி, டாப், டாம், டிஸ்கி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறியீடு. பாமினியில் 'தமிழ்' என்று எழுதியதை எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் தெரியும். வெறுமனே ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் போதாது. இந்த எழுத்துருக்களில் 'கொ' என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என மூன்றாக இருக்கும். யுனிகோடில் ககரம் முதலில், பிறகு ஒகரக் குறி. நிரல் இடம் மாற்றிக் கோர்க்க வேண்டும். கோர்க்கும்போது ஒரு பொறி காத்திருக்கிறது. பாமினியில் ஔகாரக் குறியின் இரண்டாம் பாதியும் ளகரமும் ஒரே எழுத்து. 'கௌரி'யைச் சரியாகக் கொண்டுவரும் நிரல், 'வெள்ளைச்சாமி'யை 'வௌ்ளைச்சாமி' ஆக்கிவிடும். இணையத்தில் நாம் அடிக்கடி காணும் 'வௌியீடு' பிறந்தது இந்த இடத்தில்தான். ஔகார ஐயம் உள்ள பெயர்களை மட்டும் தனியே பிரித்து, தமிழ் தெரிந்த ஒருவர் வாசித்துத் திருத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

தேதியிலும் கண் வேண்டும். டிபேஸ் 3 வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு இலக்கம்தான் கேட்கும், முன்னால் 19 என்று தானே போட்டுக்கொள்ளும். 2000க்குப் பிறகும் அதே மென்பொருளை ஓட்டிய அலுவலகங்களில், 2003இல் சேர்ந்தவர் 1903இல் சேர்ந்தவராக இருப்பார்.

மாற்றம் சரியா என்று அறிய இரண்டு கணக்கு போதும். பழைய பக்கத்தில் பதிவுகளை எண்ணி, ஒரு பணப் புலத்தைக் கூட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். டிபேஸ் ஓடும் கணினி இல்லையென்றால் டாஸ்பாக்ஸ் அதை இன்றைய திரையில் ஓட்டிக்காட்டும். புதிய பக்கத்திலும் அதையே செய்யுங்கள். எண்ணிக்கை இடித்தால் முதலில் நட்சத்திரங்களைச் சந்தேகியுங்கள். உறுப்பினர் எண்ணில் 00412 என்பது 412 ஆகியிருந்தால், அது எக்செல் பூஜ்யங்களை விழுங்கியது. அந்தப் புலத்தை எழுத்தாகவே திறக்க வேண்டும்.

பைட் எல்லாம் சரியாக வந்தபின்னும் 'வகை' என்ற புலத்தில் 'பி3' என்று இருக்கும். அது பாசனப் பகுதியா, பங்கின் படிநிலையா, பணம் பாக்கியா? கோப்பு சொல்லாது. இந்த இடத்தில்தான் பழைய எழுத்தரைத் தேடிப் போக வேண்டும். அச்சடித்த பத்துப் பக்கத்தை அவர் முன் வைத்தால் போதும். குறியீடுகள் மட்டுமல்ல, எந்த வருடம் எதற்காக ஒரு புலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்பதும் வரும். அவர் சொல்வதைச் சாதாரண உரைக் கோப்பில் எழுதி, யார் எப்போது சொன்னார் என்ற குறிப்போடு தரவின் பக்கத்திலேயே வையுங்கள்.

தரவு இருக்கும் அடைவில் வட்டின் பிம்பம், அசல் டிபிஎஃப், டிபிடி கோப்புகள், யுனிகோடுக்கு மாற்றிய அட்டவணை, அந்த உரைக் குறிப்பு ஆகிய எல்லாம் இருக்க வேண்டும், அதுவும் இரண்டு இடங்களில். பழைய வட்டை உடனே கழித்துவிட வேண்டாம். இன்று படிக்க முடியாமல் விடுபட்ட பிரிவுகள் இருந்தால், வேறொரு கருவியில் அவை கிடைக்கக்கூடும். ஈரம் படாத உறையில் போட்டு, மேலே அதன் மாதிரி எண்ணையும் உருளை, தலை, பிரிவு எண்ணிக்கைகளையும் எழுதி வைத்துவிடுங்கள்.