நீல மேனியர்

நம் சிறுவர் பலர் அறிந்த ‘வோல்வரின் அண்ட் தி எக்ஸ்-மென்’ என்னும் 26 பகுதிச் சித்திரத் தொடர் (2008–09) அமெரிக்கக் கதையே. ஆயினும் அதன் ஆக்கத்தில், 1999-இல் திருவனந்தபுரம் டெக்னோபார்க்கில் தோன்றிய டூன்ஸ் நிறுவனத்திற்கும் பங்குண்டு.

அந்நகர மக்கள் கதகளியை நன்கறிந்தவர்கள். அதில் பச்சை முகம் தோன்றியதுமே உத்தமன் என்று அறிகிறோம், துச்சாதனனுக்குச் செந்தாடி. இத்தொடரிலோ நிறம் அவ்வாறு பேசுவதில்லை. மரபணுப் பிறழ்வால் விந்தை உருப் பெற்ற மாந்தரின் கதை இது. நைட்கிராலர் என்பானுக்கு நீல மேனி, மஞ்சள் விழி, கூரிய வால். பேயென்றே பிறர் அஞ்சுவர். உள்ளமோ மிக மென்மையானது! நீல உரோமம் போர்த்த பீஸ்டோ பெரும் விஞ்ஞானி.

அயலூரில் வளரும் நம் பிள்ளைகள் இவருள் எவரை விரும்புகின்றனர் என்று பெற்றோர் கேட்டுப் பார்க்கலாமே.