ஆழத்துல மீன் எண்றது எப்படி?

பத்தமடைன்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பாய்தானே. அந்தக் கோரைக்குத் தண்ணி கொடுக்கிற தாமிரபரணி, புன்னக்காயல்ல மன்னார் வளைகுடாவுல போய்ச் சேருது. அங்கிருந்து கொஞ்சம் வடக்கே தூத்துக்குடி. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் வரிசையா தீவுகள், அதைச் சுத்தி பவளப்பாறைகள். இன்னைக்கு அங்கதான் இறங்கப் போறோம்.

இங்க பவளப்பாறைகள் அதிக ஆழத்துல இல்ல. அதனால மீன் எண்றது ஓரளவு சுலபம். அடியில 50 மீட்டர் டேப்பை விரிப்பாங்க. அதுக்கு மேல மெதுவா நீந்திக்கிட்டே, ரெண்டு பக்கமும் தெரியற மீன்களை இனம் பார்த்து எண்ணி, தண்ணியில நனையாத பலகையில எழுதுவாங்க.

2016-ல கடல் சூடாகி, பவளங்கள் வெளுத்துப் போச்சு. சுமார் 39 சதவீதமா இருந்த உயிருள்ள பவளப் பரப்பு 23 சதவீதத்துக்கு இறங்கிடுச்சுன்னு தூத்துக்குடி ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க. பவளம் செத்தா, மீனுக்கு வீடு போச்சு.

விஞ்ஞானிகளுக்கு ஒரு ஆறுதல் இருந்தது. உலகத்துல பல இடங்கள்ல 30-ல இருந்து 150 மீட்டர் ஆழத்துலயும் பவளப்பாறைகள் உண்டு. மேல சூடானா மீன்கள் கீழ போய்ப் பிழைச்சுக்கும், அப்புறம் திரும்பி வரும்னு நினைச்சாங்க. நிஜமா? எண்ணிப் பார்த்தாதானே தெரியும்!

ஆனா அந்த ஆழத்துல சாதாரணக் காத்தைச் சுவாசிச்சா, நைட்ரஜன் போதை மாதிரி தலையைக் கிறுகிறுக்க வைக்கும். அதனால ஹீலியம் கலந்த காத்து, விட்ட மூச்சையே சுத்தப்படுத்தித் திரும்பக் கொடுக்கிற கருவி, ரெண்டும் வேணும். குமிழி வராததால மீன்களும் மிரளாது. கீழ சில நிமிஷம்தான் வேலை. மேல வர மட்டும் பல மணி நேரம். அவசரப்பட்டா உயிருக்கே ஆபத்து.

இப்படி இறங்கி எண்ணின லூயிஸ் ரோஷாவோட குழு, 2018-ல 'சயின்ஸ்' இதழ்ல முடிவை வெளியிட்டது. ஆழம் கூடக் கூட மீன் இனங்களே மாறிடுது. மேல இருக்கிற பலதும் கீழ இல்ல. அதோட, சூடும் மீன்பிடிப்பும் குப்பையும் அங்கயும் எட்டியிருக்கு.

பக்கத்து மாலத்தீவுலயே உதாரணம் இருக்கு. 40 மீட்டருக்குக் கீழ வாழற ஒரு ரோஜா நிற மீனை, ரொம்ப நாளா வேற இனம்னு நினைச்சிருந்தாங்க. அது தனி இனம்னு 2022-லதான் பெயர் வச்சாங்க. அந்த ஆய்வுல மாலத்தீவு விஞ்ஞானி அகமது நஜீபும் இருந்தார்.

அதனால, நம்ம தூத்துக்குடிப் பக்கத்துப் பவளங்கள் போனா, அந்த மீன்களை ஆழ்கடல் காப்பாத்தி வச்சிருக்கும்னு நம்பி உட்கார முடியாது. மேல இருக்கிறதை மேலயேதான் காப்பாத்தணும். கீழ இருக்கிறதையும் எண்ணி, தனியாக் காப்பாத்தணும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம் மக்களே!